மஞ்சள் வராத குழி

உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நொதி,
கொஞ்சம் இலைச்சாறு,
கடைசியாக ஒரு பொய்ச் சர்க்கரை:
நொதி கடித்தால் மஞ்சளாகிவிடும்.
முப்பத்தேழு டிகிரி. அரை மணி நேரம்.
ஏதாவது நடக்காதா என்று உலகம் காத்திருக்கிறது.
எனக்குச் சம்பளம்
எதுவும் நடக்காததைப் பார்ப்பதற்கு.

குடலில் ஒரு கத்தரி இருக்கிறது.
தின்ற ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி
இரத்தத்துக்குள் அனுப்பும்.
சந்தை நாள் கூட்டம் மாதிரி முண்டியடித்து நுழையும் சர்க்கரை.
கத்தரி வாயில் ஒரு சிராய் செருக முடியுமா?
நான் தேடுவது அவ்வளவுதான்.
மானியம் கேட்டு எழுதியபோது
பதினெட்டுப் பக்கம் வந்தது.

போன குளிர்காலம் பூராவும் மாதுளைத் தோல்.
ஃபெர்கானாவில் அதற்கா பஞ்சம்.
வரிசை வரிசையாக நிறமற்ற குழிகள்.
நான் படம் எடுத்தேன், வரைபடம் போட்டேன்,
தூங்காமல் சிரித்தேன்.
லரீசா தேகாய் கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இது ஈஸ்டிலிருந்து எடுத்த நொதிதானே, மஸ்துரா?
நோயாளி என்ன, ஈஸ்டா?"

மர்கிலான் சந்தை, காலை ஆறு மணி.
கசாப்புக்கடை துர்குன்பாயிடம்
ஆட்டுச் சிறுகுடல் கேட்டேன்,
இரைப்பையை ஒட்டிய முதல் ஒரு முழம், சூடு ஆறாமல்.
"சமைக்கவா?"
"சுரண்ட."
ஒரு நிமிடம் என்னையே பார்த்தார்.
பல்கலைக்கழகச் சம்பளத்தைப் பற்றி ஏதோ நினைத்திருக்க வேண்டும்,
வால்கொழுப்பு ஒரு கட்டி இலவசமாக வைத்தார்.

பனிக்கட்டி மேல் வைத்து
கண்ணாடிச் சில்லால் வழித்தேன்.
மாடி முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன.
அந்தக் குழம்பைச் சுழற்றி, வடித்து, தட்டில் விட்டதும்
மாதுளைக் குழிகள் எல்லாம்
பல்லைக் காட்டின, மஞ்சளாக.
நவம்பர், டிசம்பர், ஜனவரி
அரை மணி நேரத்தில் போயிற்று.

ஒன்று மட்டும், சி-ஏழு, தண்ணீர் மாதிரி நின்றது.

ஈஸ்டை அசைக்கக்கூட முடியவில்லை என்று
நவம்பரிலேயே நான் ஒதுக்கிய மல்பெரி இலை.
இரண்டாம் தட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால்
பொறுமையாக இருந்திருக்கிறது.

இந்த ஊரில் மல்பெரி இல்லாத சாலை இல்லை.
கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும்.
யாருக்கும் மருந்தாக அல்ல,
தன்னைத் தின்னும் வாயைக் கொல்ல
மரம் காய்ச்சி வைத்த பால்.
வேறு கம்பளிப்புழு தின்றால்
வயிறு முட்டியும் பட்டினியில் சாகும்.
பட்டுப்புழு மட்டும்
அந்தச் சிராய் நுழையாத வேறொரு கத்தரி வைத்திருக்கிறது.

அடுத்த தெரு ஹோஜிமுராத் எட்டுத் தட்டுப் புழு வளர்க்கிறார்.
சர்க்கரை பதினான்கு.
தேநீரில் கற்கண்டு மூன்று.
"ராப்பகலாக இலை தின்கிற இதுகளுக்கு
ஒரு நோயும் இல்லையே,
எனக்கும் அரைத்துக் கொடு."
சொன்னேன்:
இலைக்கு இலை அளவு மாறும், எனக்கே இன்னும் தெரியாது.
வெட்டுப்படாத சர்க்கரை கீழே இறங்கிப் புளிக்கும்,
காற்றாகத் திரும்பி வரும், சத்தத்தோடு.
உங்கள் தங்கை மகன் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.
கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
"திங்கட்கிழமை கொடு அப்போது."

மருந்தா என்று கேட்டார், சிரிப்பு அடங்கியபின்.
ஒரு குழி, என்றேன்.
எப்போது மருந்தாகும்?
அதைப் பிரிக்க வேண்டும், எடை போட வேண்டும்,
எலியிடம் தோற்கலாம், மனிதரிடம் தோற்கலாம்.
பத்து வருடம். அல்லது ஒருபோதும் இல்லை.
மருத்துவமனை மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.
தலையாட்டினார்,
பேருந்து வராது என்று சொன்னால் ஆட்டுவது போல.

இன்று மூன்றாம் முறை.
நடுவில் மின்சாரம் போயிற்று,
தட்டைச் சட்டைக்குள் வைத்து
அக்குள் சூட்டில் காத்திருந்தேன்.
(இதை ஏட்டில் எழுதப்போவதில்லை. இந்த அளவையே தள்ளிவிட வேண்டும்.)
சி-ஏழில்
ஒன்றும் நடக்கவில்லை.

குடல்சாறு தீர்ந்துவிட்டது.
வியாழக்கிழமை மறுபடி துர்குன்பாய்.
இந்தத் தடவை
கொழுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.